ஐம்பது வயதுக்கு மேல் பெண்ணுக்கு உடம்பு இல்லையா?

நம் நாட்டில் ஒரு பெண் பிள்ளை ருதுவாகிவிட்டால் அந்தச் சங்கதி ஊர் முழுவதும் தெரிந்தாக வேண்டும். பந்தல் போடுகிறார்கள், மாமன் சீர்த்தட்டு கொண்டுவருகிறான், பத்திரிகை அச்சடித்து ஊரை அழைத்து மஞ்சள் நீராட்டி விருந்து வைக்கிறார்கள். ஒன்றும் அறியாத குழந்தையின் உடம்பில் நடந்த மாறுதலை ஒலிபெருக்கி வைத்துச் சொல்ல வெட்கப்படாத இந்தச் சமூகம், அதே மாதவிடாய் நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் நிற்கும்போது மாத்திரம் வாயைப் பொத்திக்கொள்ளுவானேன்? அந்த வயதில் அவளுக்குச் சீரும் வேண்டாம், பந்தலும் வேண்டாம். என்ன நடக்கிறதென்று விவரம் சொல்ல ஒரு ஆள்தான் வேண்டும். அந்த ஆள்தான் இல்லை!

காரணம் என்ன? பிள்ளை பெறும் காலம் வரையில்தான் பெண்ணுக்கு மதிப்பு என்று வைத்துக்கொண்டிருப்பதுதான். சபரிமலைக்காரர்கள் 10 முதல் 50 வயது வரையுள்ள பெண்களைத் தடுத்தார்கள். 1991-ல் கேரள ஹைக்கோர்ட்டு அதை ஒப்புக்கொண்டது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு அது செல்லாதென்றது. 2019-ல் மறுபரிசீலனை என்று பெரிய பெஞ்சுக்கு அனுப்பப்பட்டது. இது மதக்காரர் புத்தி என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 2019–21-ல் சர்க்கார் எடுத்த தேசியக் குடும்ப நல சர்வேயில் பெண்களுக்கென்று வைத்த விசாரணை 15 முதல் 49 வயதுக்காரர்களோடு முடிந்துவிட்டது. கோயில்காரன் ஐம்பது வயதில் அவளை உள்ளே விடுகிறான். சர்க்கார் ஐம்பது வயதில் கணக்கிலிருந்து வெளியே விடுகிறது. இருவர் கையிலும் இருக்கும் அளவுகோல் ஒன்றே, அது கர்ப்பப்பை.

இதன் பலன் யாது? இரவில் வேர்த்துத் தூக்கமின்றி, நெஞ்சு படபடத்து, காரணமின்றி எரிந்து விழும் பெண்ணை ஒரு வீட்டில் மந்திரவாதியிடம் கூட்டிப்போகிறார்கள். இன்னொரு வீட்டில் ஜோசியன் கிரகத்தைக் குறை சொல்லுகிறான். மற்றொரு வீட்டில் லேகியக்காரன் பணத்தைப் பறிக்கிறான். “இந்த வயதில் இப்படித்தான்” என்று சொல்லிவிடும் படித்த பிள்ளைகள் இவர்களைவிட எந்த விதத்தில் மேல் என்று கேட்கின்றோம்.

ஆகவே விஷயத்தை உடைத்தே சொல்லுகின்றோம். பெண்ணின் சினைப்பைகள் வயதாக ஆக ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பைக் குறைத்துவிடுகின்றன. வேறு காரணமின்றித் தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராதிருந்தால் அது நின்றுவிட்டதென்று அர்த்தம். பெரும்பாலோருக்கு இது 45 முதல் 55 வயதுக்குள் நடக்கும். அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னரே தொல்லைகள் தொடங்கக்கூடும். குபீரென்று முகத்திலும் மார்பிலும் ஏறும் சூடு, இராவேர்வை, மறதி, மூட்டு வலி, பிறப்புறுப்பில் வறட்சி ஆகிய இவை எல்லாம் எல்லோருக்கும் வருவதில்லை. சிலருக்கு ஒன்றுமே வருவதில்லை. ஆனால் எலும்பு பலம் குறைவது வெளியில் தெரியாமலே நடக்கும். 40 வயதுக்கு முன்னரே நின்றுவிட்டால் வைத்தியரைப் பார்க்கவேண்டும். நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அது புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கலாம்.

“எங்கள் பாட்டிமாரெல்லாம் டாக்டரிடமா போனார்கள்?” என்று சில பெரியவர்கள் கேட்கலாம். அந்தப் பாட்டிமாரில் எத்தனையோ பேர் பிரசவத்திலும் காய்ச்சலிலும் அந்த வயதைப் பார்க்காமலே போனார்கள். பார்த்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். இன்றோ மாதவிடாய் நின்றபின் இருபத்தைந்து, முப்பது வருஷம் வாழவேண்டியிருக்கிறது. அத்தனை வருஷத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டே கழிக்கச் சொல்லுவது எந்த நியாயம்?

நிற்க, விபூதியைக் கண்டு ஏமாறாதவன் வெள்ளைக் கோட்டைக் கண்டும் ஏமாறக்கூடாது. 1966-ல் அமெரிக்க டாக்டர் ராபர்ட் வில்சன் என்பவர், இது ஒரு குறைபாட்டு நோய், மருந்து தின்றால் என்றும் இளமை என்று புத்தகம் எழுதினார். மருந்துக் கம்பெனிகளின் பணம் அவருக்குப் பின்னால் இருந்தது பிறகு வெளிவந்தது. 2002-ல் அதே தேசத்தில் 16,608 பெண்களிடம் நடந்த பரீட்சை ஒன்று, ஹார்மோன் மருந்தால் மார்புப் புற்றுநோய் முதலியவை கூடுகின்றன என்று பாதியில் நிறுத்தப்பட்டது. உலகமே பயந்து மருந்தைக் கைவிட்டது. ஆனால் அப்பெண்களின் சராசரி வயது 63! வயதுவாரியாகப் பார்த்தபோது, 60 வயதுக்குட்பட்டோ, நின்று 10 வருஷத்துக்குள்ளோ இருக்கும் ஆரோக்கியமான பெண்களுக்கு, தொல்லை கடுமையாயிருந்தால், பெரும்பாலும் தீமையைவிட நன்மை அதிகமென்று தெரிந்தது. மார்புப் புற்றுநோயோ இரத்தக் கட்டோ வந்தவர்களுக்கு அம்மருந்து பொதுவாக ஆகாது. அவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு. முன்னே ஆசை காட்டியதும் பின்னே பயங்காட்டியதும் இரண்டும் அரைகுறையே.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்று சொல்லுவது இன்னும் கொடுமை. மகாராஷ்டிராவில் கரும்பு வெட்டும் கூலிப் பெண்கள் நிறைந்த பீட் ஜில்லாவில் 3 வருஷத்தில் 4,605 பேருக்கு அதை எடுத்ததாக 2019-ல் மந்திரியே சட்ட மேல்சபையில் சொன்னார். அத்துடன் சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், வருஷக்கணக்கில் மெள்ள வரவேண்டியது ஒரே நாளில் வந்துவிடும். அவசியமில்லாத இத்தகைய ஆபரேஷன்களைத் தடுக்கும் விதிகளை அமல் நடத்தும்படி 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு மாகாணங்களுக்கு உத்தரவிட்டது.

எனவே யார் வந்து யோசனை சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: இதனால் உனக்குக் காசு உண்டா? என் பழைய வியாதிகளை விசாரித்தாயா? இதன் கெடுதலையும் சொல்லுவாயா? இவற்றுக்கு நேரான பதில் சொல்லாதவன் பட்டதாரியானாலும் பூசாரியானாலும் அவனை நம்பவேண்டியதில்லை.

சர்க்காரைக் கேட்பதும் உண்டு. 2021-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப் பெண் ஊழியர்கள் வீடு தேடி வந்தார்கள். அப்படி வீடு தேடி வருகிறவர்கள், “அம்மா, தூக்கம் வருகிறதா? மாதவிடாய் எப்படியிருக்கிறது?” என்றும் கேட்டால் என்ன குறைந்துபோகும்? தாலுகா ஆஸ்பத்திரிதோறும் வாரம் ஒரு நாள் ஒரு பெண் டாக்டரை இதற்கென்று உட்கார வைத்தால் கஜானா காலியாகிவிடுமா?

ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மனைவியோ தாயாரோ நடு இராத்திரியில் எழுந்து உட்கார்ந்தால், “கிழவிக்கு என்ன வந்தது” என்று திரும்பிப் படுத்துக்கொள்ளாதீர்கள். என்ன செய்கிறதென்று கேளுங்கள். காலையில் அடுப்படி வேலையை நீங்கள் பாருங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய் வரிசையில் நில்லுங்கள். பெண் விடுதலை என்று மேடையில் கைதட்டுகிறவர்கள் வீட்டில் இதையாவது செய்யவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.