நிற்க வல்ல லோரியே வாங்கத் தக்கது

செங்கற் சூளைகள் நிறைந்திருந்த பிரிக்பீல்ட்ஸில் மாட்டு வண்டிகள் பாரம் இழுத்த நாள் தொட்டு, 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி இரயில் ஓடத் தொடங்கிய காலத்தையும், 1901-இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்ட காலத்தையும் கடந்து, கண்டெய்னர் லோரிகள் வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுக வாயிலில் வரிசை கட்டி நிற்கும் இந்நாள் வரைக்கும், பாரம் இழுப்பது கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் பலரின் ஜீவனோபாயமாக இருந்து வருகிறது. பிறருடைய லோரியைப் பல்லாண்டு ஓட்டிய ஒருவர், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு வீட்டு நகையையும் அடகு வைத்து, டிரெய்லரை இழுக்கும் பழைய பிரைம் மூவர் ஒன்றை வாங்கிச் சொந்தக் காலில் நிற்க நினைப்பது மரியாதைக்குரிய ஆசை. அந்த ஆசை பாழாகாமல் பலிக்க வேண்டுமானால், அவர் முதலில் சோதிக்க வேண்டியது லோரியின் இழுக்கும் சக்தியை அன்று, நிறுத்தும் சக்தியையே என்பது என் திடமான அபிப்பிராயம்.

சரக்கு நிறைந்த ஒரு கண்டெய்னர் 30 டன் வரை கனக்கும்; டிரெய்லரின் எடையும் லோரியின் எடையும் சேர்ந்தால் மொத்தம் 40 டன்னைத் தாண்டிவிடும். அவ்வளவு பாரத்தைச் சமதரையில் நகர்த்துவது நடுத்தரமான இஞ்சினுக்கும் சாத்தியமே. ஆனால் வேகம் இரட்டித்தால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகும் என்ற இயற்கை நியதி, ஈப்போவுக்கு வடக்கே மெனோரா இறக்கத்திலோ, காராக் நெடுஞ்சாலையின் சரிவுகளிலோ எவருக்கும் தயவு காட்டுவதில்லை. 2025 மே 13-ஆம் நாள் தெலுக் இந்தான் அருகே, கற்கள் ஏற்றிய லோரி ஒன்று மோதியதில், கலகத் தடுப்புக் காவல் படையினர் 9 பேர் மாண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அதை ஆராய்ந்த பணிக்குழு ஸ்டீயரிங் பழுதையும் அளவு மீறிய சுமையையும் சுட்டிக்காட்டியது.

ஆகையால் பிரேக்கோடு சட்டத்தையும் ஸ்டீயரிங்கையும் சோதிக்க, வாங்கப் போகிறவர் பளபளக்கும் வர்ணத்தை விட்டுவிட்டு வண்டிக்கு அடியில் தலையை நுழைக்க வேண்டும். சேசிஸ் சட்டத்தில் விரிசலோ, ஒட்டுப் போட்ட வெல்டிங் தடமோ இருக்கிறதா என்பதை, விசேஷமாக டிரெய்லரின் பாரத்தைத் தாங்கும் ஃபிப்த் வீல் அமர்ந்துள்ள இடத்தைச் சுற்றி, விளக்கு வெளிச்சத்தில் ஆராய வேண்டும். அங்கு மட்டும் புதுக் கறுப்பு வர்ணம் பூசியிருந்தால் சந்தேகப்படுவது நியாயமே. டிரெய்லரைப் பூட்டி, அதன் பிரேக்கை மட்டும் இறுக்கி, லோரியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால், கிங்பின்னைக் கவ்வும் தாடை தேய்ந்திருப்பது ஆட்டத்தில் தெரிந்துவிடும். இஞ்சினை நிறுத்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி காற்றழுத்த முள்ளைக் கவனிக்க, அது நில்லாமல் இறங்கிக்கொண்டே போனால் காற்று எங்கோ கசிகிறது என்று பொருள். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் அசைக்க, மற்றவர் கீழேயிருந்து இணைப்புகளின் தளர்ச்சியைப் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். இஞ்சினை இவற்றுக்கெல்லாம் பிறகு பார்த்தால் போதும். பழுதான இஞ்சினைப் பிரித்துச் செப்பனிடலாம், பழைய பாகங்கள் விற்கும் ஹாஃப்கட் கடையிலிருந்து வேறொன்றை வாங்கி மாற்றவும் செய்யலாம், ஆனால் முதுகெலும்பு முறிந்த சட்டத்தை நம்பி எந்தப் பாரத்தையும் ஏற்ற இயலாது.

காகிதங்களிலும் இதே நிதானம் அவசியம். வெளிநாட்டிலிருந்து பழையதாய் வந்து இங்கே புதுப்பிக்கப்பட்ட லோரியின் கெரான் என்னும் பதிவுப் பத்திரத்தில் காணும் பதிவு ஆண்டு, அதன் இரும்பின் வயதாகாது. சேசிஸ் எண்ணை நேரில் ஒப்பிட்டு, தயாரிப்பு ஆண்டைத் தனியே உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்ற ஏ வகுப்பு உரிமம் வேண்டும் என்பதையும், லோரியோடு அது தானாக வந்து சேராது என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும். வர்த்தக வாகனங்களுக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை நடக்கும் சோதனையில் தேறிய சான்றிதழ், அன்றைய தினத்தின் நிலையைக் காட்டுமேயன்றி, அடுத்த ஐந்து வருஷத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

இத்தனை பரிசோதனைக்கு ஏழை எங்கே போவார் என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் உண்டு. மலிவான லோரியை அவர் தேடுவது அறியாமையால் அன்று, நிர்ப்பந்தத்தால். எனவே பொறுப்பை அவர் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்குவது தர்மமாகாது. இந்தியச் சமூகத்துத் தொழில்முனைவோருக்காக தெக்குன் நேஷனல் நடத்தும் ஸ்பூமி கடன் திட்டமும், நம் கூட்டுறவுச் சங்கங்களும், கனரக வாகனம் வாங்கக் கடன் கொடுக்கும்போது, விற்பவரோடு சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கின் பரிசோதனை அறிக்கையை நிபந்தனையாக்கி, அதற்கான கட்டணத்தையும், முதல் ஆண்டில் பிரேக்கையும் டயரையும் புதுப்பிக்க வேண்டிய செலவையும் கடன் தொகையிலேயே சேர்த்துக் கொடுக்க வேண்டும். சில நூறு வெள்ளியில் முடியும் பரிசோதனை, பல்லாயிரம் வெள்ளிக் கடனையும், அந்தக் கடனை நம்பிய குடும்பத்தையும், அதே சாலையில் எதிரே வரும் முன்பின் அறியாத குடும்பங்களையும் காக்கும் என்றால், அதைக் கடன் விதியாக்க நம் தலைவர்கள் இன்னும் தாமதிப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.