கவனத்தை நம்பித் தொங்கும் குழாய்கள்

மருத்துவமனையில் குழாய் மாற்றிப் பொருத்தி நோயாளி இறந்துபோனால், "நர்ஸ் கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்பதே முதலில் எழும் பேச்சு. ஒருவரை வேலையிலிருந்து நீக்கி, மற்றவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தியதும் விவகாரம் முடிந்ததாக நிர்வாகமும் நம்புகிறது. அடுத்த சாவுக்கு வழிவிடுவது இந்த நம்பிக்கைதான்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரே நோயாளிக்குக் கையில் ட்ரிப்ஸ், மூக்கு வழியே வயிற்றுக்கு உணவுக்குழாய், முதுகில் வலிமருந்துக் குழாய், புஜத்தில் ரத்த அழுத்தப் பட்டையின் காற்றுக்குழாய் என்று எல்லாம் இருக்கும். இவற்றில் பலவற்றுக்கும் நெடுங்காலமாக ஒரே முனைதான்: 19ஆம் நூற்றாண்டில் சிரிஞ்சுக்காக உருவான லூயர் முனை. 6 சதவீதச் சரிவுள்ள அந்தச் சிறு கூம்பு, தன் இணை எந்தக் குழாயில் இருந்தாலும் கசியாமல் பொருந்திவிடும். வயிற்றுக்குப் போக வேண்டிய பால் ரத்தக்குழாயில் ஏறிய சம்பவம் 1972லேயே 'லான்செட்' இதழில் வெளிவந்தது. காற்றுக்குழாயை ட்ரிப்ஸில் மாட்டினால் காற்று ரத்தத்தில் கலந்து நொடிகளில் உயிர் போகலாம்.

2001 ஜனவரியில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில், ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்த 18 வயது இளைஞருக்கு, ரத்தக்குழாயில் மட்டுமே செலுத்த வேண்டிய வின்கிரிஸ்டின் என்ற மருந்து முதுகுத்தண்டில் செலுத்தப்பட்டது. மறுமாதம் அவர் இறந்தார். மேற்பார்வை மருத்துவருக்கு 2003இல் எட்டு மாதச் சிறை. அதே பிழை பிரிட்டனில் முன்பும் நடந்திருந்தது. அப்போது விடப்பட்ட எச்சரிக்கைகள் அந்த இளைஞரைக் காப்பாற்றவில்லை. மருந்து சிரிஞ்சு முதுகுத்தண்டு ஊசியில் தடையின்றிப் பொருந்தியது. வின்கிரிஸ்டினைச் சிரிஞ்சில் தராமல் சிறு பையில் கரைத்து ட்ரிப்ஸாக ஏற்றும்படி உலக சுகாதார நிறுவனம் 2007இல் வலியுறுத்தியதும் இதனால்தான்.

கவனம் போதும் என்பவர்கள் அறுவை அரங்கின் வாயு உருளையைப் பார்க்கட்டும். மயக்க மருந்து இயந்திரத்தில் ஆக்சிஜன் உருளையை மாட்டும் நுகத்தில் ஊசிகள் 2, 5 ஆகிய இடங்களிலும், நைட்ரஸ் ஆக்சைடு நுகத்தில் 3, 5 ஆகிய இடங்களிலும் துருத்தி நிற்கும். உருளையை மாற்றி மாட்ட முயன்றால் உட்காராது. 1950களிலிருந்து இந்த ஏற்பாடு உண்டு. இதை மயக்கவியல் மருத்துவரின் திறமைக்கு இழுக்கென்று யாரும் சொன்னதில்லை. நர்ஸின் கையில் இருக்கும் குழாய்க்கு மட்டும் வேறு நியாயம் ஏன்?

வண்ணப் பட்டையும் லேபிளும், டியூட்டி மாறும்போது குழாயை அதன் தொடக்கம்வரை தடவிப் பார்ப்பதும் தேவையானவையே. ஆனால் அவை எதுவும் தவறான இணைப்பைத் தடுத்து நிறுத்தாது. நடு இரவில் மங்கிய விளக்கில், பத்து நோயாளிகளைப் பார்க்கும் களைத்த மனிதரிடம் மேலும் கவனம் கேட்கின்றன.

தவறான இணைப்பையே தடுக்க, ஐ.எஸ்.ஓ. 80369 என்ற சர்வதேசத் தரநிலைத் தொடர் வேலைக்கொரு முனை வகுக்கிறது: உணவுக்குழாய்க்கு என்ஃபிட், முதுகுத்தண்டுக்கு லூயரைவிடச் சிறிய என்ஆர்ஃபிட். இரண்டும் லூயரோடு சேராது. பச்சிளங்குழந்தைக்கான மிகச் சிறு மருந்தளவு என்ஃபிட் முனைக்குள் தேங்கிய திரவத்தால் பிசகலாம் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்கென்றே தனி நுனியுள்ள சிரிஞ்சு வந்துவிட்டது. செலவைக் காட்டித் தயங்கும் மருத்துவமனைகள் பழைய குழாயையும் புதிய குழாயையும் இணைக்கும் அடாப்டரை வாங்கிச் சமாளிக்கின்றன. எதைத் தடுக்க முனை மாற்றப்பட்டதோ அதை அந்த அடாப்டர் மறுபடி சாத்தியமாக்குகிறது. மாற்றம் ஒரு வார்டில் முடிந்த அன்றே அங்குள்ள அடாப்டர்களும் அகற்றப்பட வேண்டும்.