விடியட்டும் என்றிருந்த இரவு

சென்ற வாரம் ஒரு நாள் மாலை, கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே காற்று வாங்கிக்கொண்டிருந்தோம். பழைய நண்பர் ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய தமையனாருக்குப் பக்ஷவாதம் கண்டு மூன்று மாதம் ஆகிறது. வலது கையும் காலும் இன்னும் ஸ்வாதீனத்துக்கு வரவில்லை. நண்பர் ஒரு விளம்பரத் தாளை எடுத்து நீட்டினார். குருத்தணுக்களை ஊசி வழியாக ஏற்றினால் மூளை புத்துயிர் பெறும் என்று அதில் கொட்டை எழுத்தில் கண்டிருந்தது.

"அண்ணியின் வளையல்களை விற்றுவிடலாம் என்று இருக்கிறோம். தாங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்று கேட்டார்.

நாம் வைத்தியரல்ல, உபாத்தியாயர்தாம். ஆயினும் படித்தறிந்ததைச் சொன்னோம். நேயர்களுக்கும் அது பயன்படக்கூடும்.

மேனாட்டார் ஸ்டெம் ஸெல் என்று சொல்வதே குருத்தணு. வாழைக் கிழங்கிலிருந்து கன்று கிளம்புவது போல, எலும்பு மஜ்ஜையிலுள்ள இவ்வணுக்களிலிருந்து நாள்தோறும் புது இரத்த அணுக்கள் பிறக்கின்றன. இவற்றை உடலில் செலுத்தினால், பழுதுற்ற மூளையின் அழற்சியைத் தணித்து, எஞ்சிய நரம்பணுக்களுக்கு ஊக்கமளிக்கும் என்பது விஞ்ஞானிகளின் நம்பிக்கை. எலிகளிடம் அது ஓரளவு பலித்தும் இருக்கிறது.

மனிதரிடம் பலித்ததா? நம் தேசத்து வைத்தியர்களே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் காமேசுவர பிரசாத் தலைமையில், 5 ஆஸ்பத்திரிகளில் 120 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு அவரவர் மஜ்ஜையிலிருந்தே எடுத்த அணுக்களைச் செலுத்தினார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டுமே. ஆறு மாதம் கழித்து, தாமே உண்ணவும் உடுக்கவும் நடக்கவும் யாருக்கு முடிகிறது என்று பார்த்தால், இரு பிரிவினருக்கும் பேதம் தென்படவில்லை. தீங்கு விளையவில்லை, நன்மையும் விளையவில்லை. இதை மூடி மறைக்காமல் 2014-ல் உலகறிய வெளியிட்டார்கள். வெற்றியை முழங்குவோர் பலர். பலிக்காததைப் பலிக்கவில்லை என்று சொல்லும் நேர்மையன்றோ தேசத்துக்குப் பெருமை!

ஜப்பானில், நோய் கண்ட 18 மணி முதல் 36 மணி நேரத்துக்குள் பிறர் மஜ்ஜையிலிருந்து வளர்த்த அணுக்களைச் செலுத்தி, 206 பேரிடம் சோதித்தார்கள். 2024-ல் வெளியான அதன் முடிவும் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. ஆராய்ச்சி நிற்கவில்லை; நிற்கவும் வேண்டாம். ஆனால் ஆராய்ச்சி வேறு, வியாபாரம் வேறு. பக்ஷவாதம் போன்ற நோய்களுக்கு அனுமதி பெற்ற பரிசோதனையாக அன்றி இச்சிகிச்சையை அளிக்கலாகாது என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வகுத்த நெறி.

இது நிற்க. "நோய் கண்ட அன்று என்ன செய்தீர்கள்?" என்று நண்பரைக் கேட்டோம்.

"இரவு ஒன்பது மணிக்கு வாய் கோணிற்று, பேச்சுக் குழறிற்று. தைலம் தேய்த்துப் படுக்க வைத்தோம். விடியட்டும் என்றிருந்தோம்" என்றார்.

நாம் ஒன்றும் பேசவில்லை. மூளையின் பெரிய இரத்தக் குழாய் அடைபட்டால் நிமிஷத்துக்குச் சுமார் 19 லக்ஷம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். அதற்கு முன், உள்ளிருப்பது அடைப்பா, இரத்தக் கசிவா என்று ஸ்கேன் படம் எடுத்துப் பார்த்தாக வேண்டும். சிலருக்கு 24 மணி நேரம் வரையில் குழாய் வழியே கட்டியை எடுத்துவிட முடிகிறது. மூளையைக் காக்க இன்று நிச்சயமாகத் தெரிந்த உபாயங்கள் இவை. பிரெஞ்சுக்காரர் 1823-ல் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் கோரிமேட்டிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் ஓர் இரவு வீணாயிற்று.

நடந்ததற்கு நண்பரைக் குறை கூறி என்ன பயன்? "வளையல்கள் அண்ணியிடமே இருக்கட்டும். கைகால்களுக்கு நாள் தவறாமல் பயிற்சி அளிப்பவரை அமர்த்துங்கள், இரத்தக் கொதிப்பைக் கவனியுங்கள்" என்றோம். அவர் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கிழித்தெறிய மனம் வரவில்லை.

நேயர்களுக்கு ஒரு வார்த்தை: வாய் கோணினாலும், ஒரு கை துவண்டாலும், பேச்சுக் குழறினாலும், உடனே 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.