எழுத்து ஒன்று, ஒலி வேறு!

தோழர்களே!

மாலை நேரப் படிப்பகம் ஒன்றிலே நான் கண்ட காட்சியைச் சொல்லித் தொடங்குகிறேன். மின்பணி செய்யும் தோழர் ஒருவர், நாற்பது வயதைக் கடந்தவர், நாளெல்லாம் உழைத்துக் களைத்த உடலோடு ஆங்கிலம் பயில வந்திருந்தார். கையிலே ஒரு நோட்டுப் புத்தகம். அதிலே ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லின் கீழும், அச்சொல் எப்படி ஒலிக்கும் என்பதைத் தமிழ் எழுத்திலே எழுதி வைத்திருந்தார். நான் அருகே சென்றதும் சட்டென்று அந்த ஏட்டை மூடிவிட்டார். ஏன் மறைக்கிறீர்கள் என்று கேட்டேன். “முன்னே படித்த இடத்திலே, இப்படி எழுதினால் ஆங்கிலம் வராது என்று சொல்லிச் சிரித்தார்கள், அண்ணே!” என்றார்.

சிரித்தார்கள்! கொலை செய்தாரா, கொள்ளையடித்தாரா? கேட்ட ஒலி காற்றோடு போய்விடாதபடி, தனக்குத் தெரிந்த எழுத்திலே பிடித்து வைத்தார். அதற்கு ஏளனம்! அந்த ஏளனம் நியாயந்தானா என்பதைத்தான் இன்று உங்களோடு ஆராய விரும்புகிறேன்.

முதலிலே, அந்தத் தோழரை அவ்வாறு எழுதத் தூண்டியது எது என்று பார்ப்போம். ஆங்கிலத்திலே எழுத்துகள் 26. பேச்சிலே ஒலிகளோ ஏறத்தாழ 44. போர்வை சிறிது, படுப்போர் பலர்! ஆகவே ஓர் எழுத்தே பல ஒலிகளைச் சுமக்கிறது. ஓ, யூ, ஜி, எச் என்னும் நான்கு எழுத்துகளை வரிசையாக எழுதுங்கள். ஒரு சொல்லிலே அது ‘தோ’ என்பதன் ஓகாரம். இன்னொன்றிலே ‘த்ரூ’ என்பதன் ஊகாரம். ‘ரஃப்’ என்னும்போதும், ‘காஃப்’ என்னும்போதும், மரக்கிளையைக் குறிக்கும் ‘பௌ’ என்னும்போதும் அதே நான்கு எழுத்துகள்தாம்; ஒலிகளோ வெவ்வேறு. எழுத்தைப் பார்த்து ஒலியை அறிவது எங்ஙனம்?

இது அறிவின் ஆழத்தால் விளைந்த சிக்கலன்று, வரலாற்றின் விபத்து. 1476-இல் காக்ஸ்டன் என்பார் இங்கிலாந்திலே முதல் அச்சகத்தை நிறுவினார். அச்சு வந்ததும் எழுத்து மெல்ல மெல்ல உறைந்தது, பேச்சோ உறையவில்லை. அந்த நூற்றாண்டுகளிலேதான் ஆங்கிலத்தின் நெடில் ஒலிகள் பெருமளவுக்கு இடம்பெயர்ந்தன. கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ என்ற சொல்லின் முன்னே நிற்கும் ‘கே’ என்ற எழுத்து ஒரு காலத்திலே உண்மையாகவே ஒலித்தது. ஒலி மாண்டது, எழுத்து நிற்கிறது, கல்லறைக் கல்லைப் போல! இது போதாதென்று புலமைச் செருக்கும் சேர்ந்தது. கடன் என்று பொருள்படும் ‘டெட்’ என்ற சொல்லிலே முதலில் ‘பி’ என்ற எழுத்து இருக்கவில்லை. இலத்தீன் மூலத்திலே அவ்வெழுத்து இருக்கிறதே என்று, யாரும் உச்சரிக்காத ஒன்றைக் கொண்டுவந்து சொருகினார்கள். கற்றவர் பெருமைக்காகச் சொருகிய எழுத்து, கல்லாதவர் காலிலே முள்ளாகத் தைக்கிறது.

தோழர்களே! இங்கேதான் இது மொழியின் சிக்கல் என்ற நிலை கடந்து, சமுதாயச் சிக்கலாகிறது. ஆங்கிலம் பேசும் வீட்டிலே பிறந்த பிள்ளை அச்சொற்களைக் காதால் கேட்டு வளர்கிறது. எழுத்து ஏமாற்றினாலும் அந்தப் பிள்ளை ஏமாறுவதில்லை. உழைப்பாளியோ ஏட்டைப் பார்த்துக் கற்கிறார், எழுத்தை நம்புகிறார், நம்பியதாலே பிழை செய்கிறார். ‘டெட்’ என்பதிலே ‘பி’யை ஒலித்துவிட்டால் கூடம் நகைக்கிறது. அவர் செய்த பிழை எதைக் காட்டுகிறது? அறியாமையையா? இல்லை! கேட்டுப் பழக வாய்ப்பின்றி, தாமே படித்து முன்னேறியவர் என்பதைக் காட்டுகிறது. முயற்சியின் தழும்பைக் கண்டு நகைப்பவன் எத்தனை படித்திருந்தாலும் பண்பு கற்காதவனே!

உச்சரிப்பு ஒரு வேலியாகிவிட்டது. உள்ளே இருப்பவர்க்கு அது கண்ணுக்கே தெரியாது. வெளியே நிற்பவர்க்கோ ஒவ்வொரு சொல்லிலும் முள் குத்தும்.

இந்த முள்ளை ஆங்கில நாட்டாரே அறிந்திருந்தனர் என்பதற்கு ஒரு வரலாறு சொல்கிறேன். 1949-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் மக்கள் சபையிலே ஒரு மசோதா வந்தது. ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திருத்த வேண்டும் என்பது அதன் நோக்கம். கொண்டுவந்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த மாண்ட் ஃபாலிக். மொழிப் பள்ளி நடத்தியவர். ஆகவே கற்பவர் படும் பாட்டைக் கண்ணாரக் கண்டவர். அவரைத் தேர்ந்தெடுத்த தொகுதியின் பெயர் என்ன தெரியுமா? ‘லஃபரோ’. முன்னே நான் குறிப்பிட்ட ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கு எழுத்துகள் அந்த ஒரே பெயரிலே இரண்டு முறை வருகின்றன. முதல் முறை ஓர் ஒலி, இரண்டாம் முறை வேறோர் ஒலி! தம் தொகுதியின் பெயரே தம் வழக்குக்குச் சான்று சொல்லும் பேறு எத்தனை உறுப்பினர்க்குக் கிட்டும்?

எதிர்வரிசையிலே இருந்த கன்சர்வேடிவ் உறுப்பினர் ஜேம்ஸ் பிட்மன் இதிலே அவருக்குத் துணை நின்றார். சுருக்கெழுத்து முறை ஒன்றைப் படைத்த ஐசக் பிட்மனின் பேரர் அவர். கட்சி வேறு, கொள்கை வேறு. ஆயினும் கற்பவன் துன்பம் தீர வேண்டும் என்பதிலே இருவரும் ஒன்று. முடிவு? ஆதரவாக 84 வாக்குகள், எதிராக 87. மூன்றே மூன்று வாக்குகளிலே மசோதா வீழ்ந்தது! ஃபாலிக் சோர்ந்துவிடவில்லை. 1953-இல் மீண்டும் ஒரு மசோதா வந்து, 65-க்கு 53 என்ற கணக்கில் இரண்டாம் வாசிப்பைக் கடந்தது. கல்வி அமைச்சர் ஆராய்ச்சிக்கு இடங்கொடுக்க இசைந்தபின் அது திரும்பப் பெறப்பட்டது. எழுத்துக்கூட்டல் இம்மிகூட மாறவில்லை. ஆனால், ஆங்கில எழுத்து குறையற்றது என்று அந்நாட்டு மன்றமே கருதவில்லை என்பது ஏட்டிலே பதிந்துவிட்டது.

“அப்படியானால் பழைய எழுத்தையே தூக்கி எறிந்துவிட்டு, ஒலிக்கு ஓர் எழுத்து என்று புதிதாகக் கற்பித்தாலென்ன?” என்று நம்மிலே சிலர் ஆர்வத்தோடு கேட்கக்கூடும். ஆர்வம் நன்று, அனுபவம் அதனினும் நன்று. இருமுறை நிகழ்ந்ததைப் பாருங்கள்.

அமெரிக்காவின் யூட்டா பகுதியிலே, 1850-களில், மார்மன் சமயத் தலைவர் பிரிகாம் யங் 38 எழுத்துகள் கொண்ட புதிய வரிவடிவம் ஒன்றை உருவாக்கச் செய்தார். ‘டெசரெட்’ எழுத்து என்பது அதன் பெயர். டென்மார்க் முதலிய நாடுகளிலிருந்து வந்து குடியேறிய வயது வந்தோரும் ஆங்கிலத்தை எளிதிலே கற்கட்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. 1868, 1869-ஆம் ஆண்டுகளிலே பாடப் புத்தகங்களும் சமய நூலும் அவ்வெழுத்திலே அச்சாயின. ஆனால் அதைக் கற்றவன் படிக்க வேறென்ன இருந்தது? செய்தித்தாள் பழைய எழுத்திலே. கடிதம் பழைய எழுத்திலே. கடைப் பலகையும் பழைய எழுத்திலே! 1877-இல் யங் மறைந்தார். எழுத்தும் உடன் மறைந்தது.

அடுத்தது, முன்னே சொன்ன ஜேம்ஸ் பிட்மன் வகுத்த தொடக்கக் கற்பித்தல் எழுத்து. 1961 முதல் இங்கிலாந்துப் பள்ளிகளிலே சிறுவர்க்குக் கற்பிக்கப்பட்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட எழுத்துகள். எழுத்தைக் கண்டால் ஒலி தெரியும். பிள்ளைகள் பலர் விரைந்து படித்தனர் என்பது மெய்யே. ஆனால் அதிலிருந்து வழக்கமான எழுத்துக்கு மாறும் வேளையிலே பலர் தடுமாறினர். சில ஆண்டுகளிலே அந்த முறை கைவிடப்பட்டது.

இவ்விரண்டும் புகட்டும் பாடம் ஒன்றே. ஒலியைக் காட்டும் எளிய எழுத்து ஓர் ஏணி. ஏணியிலே ஏறி மாடிக்குச் செல்ல வேண்டும். ஏணியிலேயே குடித்தனம் நடத்தலாகாது. வழக்கமான எழுத்தை அகற்றிவிட்டு அதன் இடத்திலே இதை வைத்தால், கற்பவன் உலகத்தினின்று துண்டிக்கப்படுகிறான். வழக்கமான எழுத்தின் பக்கத்திலே இதை வைத்தால், உலகத்துக்கு வழி திறக்கிறது. நம் மின்பணித் தோழர் செய்தது என்ன? மேலே ஆங்கிலச் சொல், கீழே ஒலிக்குறிப்பு. அறிஞர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை அவர் படாமலே கண்டுகொண்டார்!

இனி, நகைப்பவர் கூறும் நியாயத்தையும் கேட்போம். கேளாமல் தீர்ப்பளிப்பது நமது மரபன்று. “தமிழ் எழுத்து ஆங்கில ஒலியைச் சரியாகக் காட்டாதே” என்கின்றனர். இதிலே உண்மை உண்டு, ஒப்புக்கொள்வோம். ‘கோட்’ என்று எழுதினால், அது தோளிலே அணியும் ஆடையா, தோட்டத்திலே மேயும் ஆடா? ஆங்கிலத்திலே முதல் ஒலி வேறு வேறு; தமிழிலே எழுத்து ஒன்றே. நம் மொழியிலே ‘பல்’ என்னும்போது ஒருவிதமாகவும் ‘தம்பி’ என்னும்போது வேறுவிதமாகவும் பகரம் ஒலிக்கிறது. நிற்கும் இடத்தைக் கொண்டே நாம் ஒலியை அறிகிறோம். ஆங்கிலச் சொல்லுக்கு அந்த விதி பொருந்தாது. ‘பஸ்’ என்பதிலும் ‘பேப்பர்’ என்பதிலும் முதல் எழுத்து பகரமே, ஒலியோ வேறு.

குறை இருக்கிறது, சரி. கண்ணாடியிலே தூசி இருந்தால் துடைப்போமா, உடைப்போமா? அடிக்கோடு ஒன்று போதுமே! ‘பஸ்’ என்பதன் பகரத்தின் கீழே ஒரு கோடு. ‘பேப்பர்’ என்பதற்குக் கோடில்லை. மேயும் ஆட்டின் ககரத்துக்குக் கோடு. அணியும் ஆடைக்குக் கோடில்லை. ‘ஃப’ என்பது முன்னரே நம்மிடம் வழக்கில் இருக்கிறது. அழுத்தம் விழும் அசையைத் தடித்து எழுதுங்கள். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதிலே அழுத்தம் முதல் அசையிலே. படம் எடுப்பவரைக் குறிக்கும் ‘ஃபடாக்ரஃபர்’ என்பதிலே இரண்டாம் அசையிலே. அழுத்தம் இடம் மாறினால் கேட்பவருக்குச் சொல்லே புரியாமற் போகும். இதைச் சொல்லிக் கொடுக்காத வகுப்புகள் எத்தனை!

“உலக அளவிலே ஒலிக்குறியீடுகள் இருக்கின்றனவே, அவற்றைக் கற்பித்தாலென்ன?” என்றும் கேட்பர். 1886-இல் பாரிசிலே மொழியாசிரியர்கள் கூடி அமைத்த சங்கம் அவற்றை வகுத்தது; மிகச் செம்மையானவை; ஆசிரியராக விரும்புவோர் கற்கட்டும். ஆனால் நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டுமே ஓய்வு கிடைக்கும் உழைப்பாளியிடம், ஒரு புதிய மொழிக்கு முன்னே ஒரு புதிய குறியீட்டுத் தொகுதியைச் சுமத்துவது, ஆற்றைக் கடக்க வந்தவனிடம் முதலிலே படகு கட்டப் படி என்பதாகும். அவன் கையிலே தாய்மொழி எழுத்து இருக்கிறது. அதுவே படகாகட்டும்.

இது நமக்குப் பெருமையேயன்றி இழிவன்று. பிறமொழி கற்பதற்காகத் தாய்மொழியை வாசலிலே கழற்றி வைத்துவிட்டு வா என்பவன்தான் தமிழனைச் சிறுமைப்படுத்துகிறான்.

ஆகவே, படிப்பகங்களை நடத்தும் தோழர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இது. மாலை வகுப்பு வையுங்கள். முதலிலே காது, பிறகு வாய், அதன் பின்னரே எழுத்து. சரியாகப் பேசுபவர் ஒருவரைச் சொல்லச் சொல்லி, அல்லது இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் கைப்பேசியிலே ஒலியைக் கேட்கச் செய்து, கற்பவர் பலமுறை திருப்பிச் சொல்லட்டும். சொன்னதை நினைவிலே நிறுத்தவே ஒலிக்குறிப்பு. ஒலியை அதனிடமிருந்தே கற்க முயல்வது தவறு. மேல் வரியிலே வழக்கமான எழுத்து, கீழ் வரியிலே குறிப்பு என்பதை ஒருநாளும் மாற்றாதீர்கள். வாரம் ஒருமுறை கீழ் வரியைக் காகிதத்தால் மறைத்து, மேல் வரியை மட்டும் படிக்கச் செய்யுங்கள். தடையின்றிப் படித்துவிட்டால் அந்தச் சொல்லுக்கு ஏணி இனித் தேவையில்லை.

இன்னும் ஒன்று, எல்லாவற்றினும் முக்கியமானது: வகுப்பிலே எவர் பிழை செய்தாலும் ஒருவரும் நகைக்கலாகாது. குழந்தை தடுக்கி விழுந்தால் எழுந்து ஓடிவிடும். வயது வந்தவர் ஒருமுறை அவமானப்பட்டால், மறுநாள் வகுப்புக்கே வரமாட்டார். அவரோடு அவர் ஆசையும் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

இங்கிலாந்தின் மன்றத்திலே மூன்று வாக்குகள் குறைந்ததால் ஆங்கில எழுத்து திருந்தவில்லை. அதைத் திருத்துவது நம் வேலையுமன்று. ஆனால் அந்தக் கோணல் வழியிலே நடக்க வேண்டியிருப்பவர்க்கு ஒரு கைவிளக்கு தருவதற்கு எந்த மன்றத்தின் வாக்கும் வேண்டியதில்லை. ஒரு பென்சில் போதும், சிறிது பொறுமை போதும்.

அன்று அந்தத் தோழரின் ஏட்டை வாங்கிப் பார்த்தேன். ‘கோட்’ என்பதன் கீழே ஒரு கோடு போட்டுக் காட்டி, ஆட்டையும் ஆடையையும் பிரித்துச் சொன்னேன். இருவரும் சேர்ந்து சிரித்தோம். அது வேறு சிரிப்பு! அடுத்த வாரம் சென்றபோது அந்த ஏடு மேசைமேல் விரித்தபடி கிடந்தது. பக்கத்திலே அமர்ந்திருந்த இருவர் அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தனர்.

தோழர்களே! உங்கள் ஊர்ப் படிப்பகத்திலும் ஏட்டை மூடி மறைப்பவர் ஒருவர் இருப்பார். அவரைத் தேடிச் செல்லுங்கள். ஏட்டைத் திறக்கச் சொல்லுங்கள்!