படகில் வந்த தலைவலி

“மாஸ்ரர், ஒரு சின்னக் கணக்கு” என்று தொடங்கிய கடிதமொன்று சென்ற ஆண்டு வைகாசி மாதத்திலே எமக்குக் கிடைத்தது. எழுதியவர் இருபது ஆண்டுகளுக்கு முன்னர் எம்மிடம் பௌதிகம் பயின்ற மாணவர். இப்பொழுது அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே மனைவி மக்களோடு வாழ்கின்றார். படுக்கையும் சிறு சமையலறையும் உள்ள பழைய படகு ஒன்றை அவர் வாங்கியிருந்தார். ‘கபின் குறூசர்’ என்று அந்நாட்டார் அதனை வழங்குவர். சனி ஞாயிறுகளில் குடும்பத்தோடு அதிலே தங்குவது அவர் வழக்கம்.

புளோரிடாவின் கோடை எம் நாட்டுப் பங்குனி வெயிலுக்குச் சற்றும் இளைத்ததன்று. மூடிய படகறை அடுப்பாகிவிடும். ஆகவே படகிலே ஒரு வளிச்சீராக்கி இருந்தது. அதுவோ படகின் வயதினது. அதனுள் இருந்த ஆர்-22 என்னும் வாயு, வான்வெளியிலுள்ள ஓசோன் படையைச் சிதைப்பது. 1987இல் எழுந்த மொன்றியல் உடன்படிக்கையின் வழியே அது படிப்படியாக ஒதுக்கப்பட்டு, 2020 தொடக்கம் அமெரிக்காவிலே புதிதாக உற்பத்தி செய்வதும் இறக்குமதி செய்வதும் நிறுத்தப்பட்டன. பழைய பொறியிலே வாயு கசியத் தொடங்கியதும், திருத்துவதிலும் பார்க்க மாற்றுவதே நன்றென்று அவர் துணிந்தார்.

“மாற்றுவதோ மாற்றுகிறோம், இரண்டு தொன் ஆற்றலுள்ளதாக வாங்கிவிடலாமா?” என்பதே அவர் கேட்ட கணக்கு.

மாணவர்கள் இந்தத் ‘தொன்’ என்பதை அறிந்திருத்தல் நன்று. 2,000 இறாத்தல் பனிக்கட்டியை ஒரு நாளிலே உருக்கும் வெப்பம் எவ்வளவோ அவ்வளவை வெளியேற்றுவது ஒரு தொன் பொறி. மணிக்கு 12,000 பிரித்தானிய வெப்ப அலகு. சாளரங்களுள்ள நடுத்தட்டு அறையாயின் சதுர அடிக்கு 90 அலகு என்பது படகுத் தொழிலாளரின் நடைமுறைக் கணிப்பு. அவருடைய அறை 130 சதுர அடி. பெருக்கினால் 11,700. ஒரு தொன் போதும்.

“பெரிதாயின் என்ன குற்றம்?” என்று வாசகர் கேட்கலாம். பெரிய பொறி அறையை விரைவிலே குளிராக்கிவிட்டுத் தானே நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை நீரென வடித்தெடுக்க அதற்கு அவகாசம் இராது. குளிரும் ஈரமும் சேர்ந்து மெத்தையிலே பூஞ்சணம் பிடிக்கும். 1902இல் வில்லிஸ் கரியர் என்பவர் முதலாவது வளிச்சீராக்கியை வகுத்ததும் மனிதரின் சுகத்துக்காக அன்று. நியூயோர்க்கிலே ஓர் அச்சகத்தின் கடதாசி ஈரத்தால் விரிந்து சுருங்கி வர்ணங்கள் விலகியமையால், அவ்வீரத்தை அடக்குவதற்காகவே.

இவ்வளவையும் எழுதி, கூடவே கடல்நீர்க் குழாயைப் பற்றியும் எழுதினோம். வீட்டுப் பொறி வெப்பத்தை வெளிக்காற்றிலே கொட்டும்; படகுப் பொறி கடலிலே கொட்டும். படகின் அடியிலிருந்து பம்பி நீரை எடுத்துப் பொறியினூடாகச் செலுத்தி விலாப்பக்கத்தால் வெளியே விடும். அப்பம்பி காற்றை இழுக்க மாட்டாதது. ஆகையால் நீர்மட்டத்துக்குக் கீழே இருத்தல் வேண்டும். குழாயும் இடையிலே தாழாது ஏறிக்கொண்டே போதல் வேண்டும். எங்கேனும் ஒரு மேடு எழுந்தால் அங்கே காற்று அடைபட்டு நீரோட்டம் நின்றுவிடும். இதனை எழுதி முடித்தபோது எமக்குச் சிறிது பெருமிதமும் உண்டாயிற்று.

நாம் கேளாது விட்டது ஒன்று. வடித்தெடுக்கும் நீர் எங்கே போகின்றது?

ஆவணியிலே இரண்டாவது கடிதம் வந்தது. பழைய பொறியைக் கழற்றியபோது, அதன் கீழ்த் தட்டிலிருந்து விரற்பருமனான ஒரு குழாய் புறப்பட்டுச் செல்வதைக் கண்டாராம். அதைத் தொடர்ந்து ஊர்ந்து போனார். பெற்றோல் எந்திரமும் மின்பிறப்பாக்கியும் இருக்கின்ற அறையிலே அதன் வாய் திறந்தபடி கிடந்தது. மின்பிறப்பாக்கியின் புகைக்குழாய் முழங்கையிலோ மயிரிழை போன்ற வெடிப்பு.

அப்பொழுதுதான் அவருக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. நடுக்கடலிலே நங்கூரமிட்டுத் தங்கிய காலைகளில் பிள்ளைகள் இருவரும் தலைவலியோடும் குமட்டலோடும் எழுவார்கள். கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றே பெற்றோர் எண்ணியிருந்தனர். துறையிலே கட்டி, கரையிலிருந்து மின்சாரம் எடுத்த இரவுகளில் அந்த நோய் வந்ததேயில்லை. அங்கே மின்பிறப்பாக்கிக்கு வேலையில்லையல்லவா?

பொறியின் விசிறி காற்றை உறிஞ்சுகையில் வடிகுழாயின் வழியாகவும் உறிஞ்சும். எந்திர அறையிலே கசிந்த காபனோரொட்சைட்டு அவ்வழியே படுக்கையறைக்கு ஏறியிருக்கின்றது. நிறமில்லை, மணமில்லை, குருதியின் ஈமோகுளோபினை ஒட்சிசனிலும் பார்க்க இறுகப் பற்றிக்கொள்ளும். அதன் முதற் குறிகளோ கடற்பிணி போன்றே தோன்றுவன. இன்னும் சிறிது கூடுதலாகக் கசிந்திருந்தால் எமக்கு இரண்டாவது கடிதம் எவ்வாறு வந்திருக்குமென்று நினைக்கவும் துணிவில்லை. வடிகுழாயை எந்திர அறையிலே முடித்தலாகாது என்று இப்பொறிகளின் கைந்நூல்கள் கூறுகின்றன. முன்னொரு காலத்திலே பொருத்தியவர் அதைப் படிக்கவில்லை போலும். படித்திருக்க வேண்டிய நாமும் ஆற்றலைக் கணக்கிடுவதிலேயே மூழ்கியிருந்தோம்.

புதிய ஒரு தொன் பொறி இப்பொழுது அமர்ந்துவிட்டது. புகைக்குழாய் முழங்கை மாற்றப்பட்டது. வடிகுழாய் எந்திர அறையை விட்டு விலகி, புகை வெளிவரும் வாயிலிருந்தும் மூன்றடிக்கு அப்பால் முடிகின்றது. இடையிலே மலசலகூடத்துக் குழாயைப் போன்ற ஒரு வளைவு, நீர் தேங்கிக் காற்றை மறிப்பதற்காக. படுக்கையருகே காபனோரொட்சைட்டை அறிவிக்கும் கருவியொன்று தொங்குகின்றது.

புரட்டாதியிலே ஓரிரவு நங்கூரமிட்டுத் தங்கினார்களாம். தகப்பனார் கருவியைப் பார்த்தபடி விடியுமட்டும் விழித்திருந்தார். அது வாய் திறக்கவில்லை. காலையிலே சின்னவன் எழுந்து, “பசிக்குது அப்பா” என்றானாம்.