பழவேற்காட்டுக்கு நாமே போய் வரலாம்



"டூரிஸ்ட் பஸ்ஸில் போனால் ஒரு இடத்தையும் நின்று பார்க்க முடிவதில்லை. பத்து நிமிஷத்தில் ஹாரன் அடித்துக் கூப்பிட்டு விடுகிறார்கள். கைக்குழந்தையோடு நாமாகவே போய், காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்புகிற மாதிரி ஒரு இடம் சொல்லுங்களேன்" என்று இரண்டு மூன்று சகோதரிகள் எழுதியிருக்கிறீர்கள். தீவு, கடல், ஏரி, பறவை, கோட்டை, மீன் எல்லாம் ஒரே ஊரில் வேண்டுமென்றால் சென்னைக்கு வடக்கே பழவேற்காடுதான். நானும் என் நாத்தனாரும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மூன்று தடவை போய் வந்துவிட்டோம். ஆண் துணை இல்லாமலேதான்!

போகும் வழி

சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்க வேண்டும். பெண்கள் பெட்டி இருப்பதால் குழந்தைக்குப் பால் கொடுக்கவும் சங்கடமில்லை. பொன்னேரியிலிருந்து பஸ். இருபது கிலோமீட்டருக்குள்தான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஆனால் நவம்பர், டிசம்பரில் புயல் மழை வந்தால் போக வேண்டாம். பொங்கல் முடிந்து போனால் வெயிலும் தாழ்ந்திருக்கும், பறவைகளும் நிறைய இருக்கும்.

காலை ஆறு மணிக்கு ரயில் ஏறிவிடுங்கள். குடிதண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்துப் போவது உத்தமம். எலுமிச்சம்பழ சாதம், தயிர் சாதம், மாவடு போதும். தொப்பி, குடை, மாற்றுத் துணி மறக்காதீர்கள். உப்புக் காற்றில் குழந்தைகள் சீக்கிரம் வாடிவிடும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து ஒரு பாட்டிலில் வைத்துக்கொண்டால் வயிற்றுப்போக்கு கண்டாலும் கைகொடுக்கும். பஸ் நிறுத்தத்தில் வசதியான கழிப்பிடம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பொன்னேரி ஸ்டேஷனிலேயே எல்லாரும் போய்விட்டுப் புறப்படுங்கள்.

கல்லறையும் கோட்டையும்

பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் டச்சுக்காரர் கல்லறைக்குப் போங்கள். "குழந்தைகளை வைத்துக்கொண்டு கல்லறைக்கா?" என்று என் நாத்தனார் முதலில் முகம் சுளித்தாள். உள்ளே போனபின் அவள்தான் ஒவ்வொரு கல்லாக நின்று பார்த்தாள். வாசலிலேயே எலும்புக்கூடு செதுக்கிய கற்கள். 'மனிதா, நீயும் ஒரு நாள் இப்படித்தான்' என்று சொல்லாமல் சொல்கின்றன. உள்ளே பூவேலையும் எழுத்தும் நிறைந்த கல்லறைப் பலகைகள். தொல்பொருள் துறை பாதுகாப்பில் இருக்கிறது.

எதிரே இருந்ததுதான் கெல்ட்ரியா கோட்டை. இப்போது புதரும் மேடுமாகத்தான் கிடக்கிறது. பார்க்க ஒன்றுமில்லையே என்று நினைக்க வேண்டாம். விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடர் காலத்தில் இந்த ஊர் அவருடைய அரசியருள் ஒருவரின் ஆளுகையில் இருந்தது. அப்போதுதான் டச்சுக்காரர்கள் அனுமதி பெற்று இங்கே வியாபாரத்துக்கு வந்தார்கள். 1612-ல் போர்த்துக்கீசியர் அவர்களுடைய பண்டகசாலையை அழித்தார்கள். 1613-ல் கோட்டை எழும்பியது. 1690-ல் தலைமை இடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரையில் சோழமண்டலக் கடற்கரையில் டச்சுக்காரருக்கு இதுதான் தலைநகரம்.

இங்கிருந்து துணி கப்பலேறியது. நம் வீட்டு ஆண்கள் கட்டுகிற கட்டம் போட்ட லுங்கியை மலேசியாவில் இன்றும் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். பெலிக்காட் என்பது புலிக்காட், அதாவது நம்முடைய பழவேற்காடு! இதைக் கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் இதே துறையிலிருந்து மனிதர்களும் கப்பலேறினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம், சோற்றுக்கு வழியில்லாமல் விற்கப்பட்ட ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாகப் பதாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றிச் செல்லப்பட்டார்கள். அவர்களில் யாருக்கும் இங்கே கல்லறை இல்லை, பெயர் பொறித்த கல்லும் இல்லை. பெரிய பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள். சரித்திரப் பாடம் மனசில் நிற்கும்.

மூன்று கோயில்கள்

ஆதிநாராயணப் பெருமாள் கோயில் செம்புறாங்கல்லால் கட்டியது. சுவரில் விரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன ராமாயணச் சிற்பங்கள். குழந்தைகளிடம் "அனுமார் எங்கே, கண்டுபிடி பார்க்கலாம்" என்று விட்டுவிட்டால் அரை மணி நேரம் நமக்கு நிம்மதி. அடுத்து மகிமை மாதா கோயில். 1515-ல் போர்த்துக்கீசியர் காலத்தில் தோன்றியதாகச் சொல்கிறார்கள். பள்ளிவாசல் ஒன்றில் நிழலைப் பார்த்து நேரம் சொல்லும் சூரியக் கடிகாரம் இருக்கிறது. வெளியாட்கள் பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டு, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு போங்கள்.

அந்தத் தெருக்களில் முஸ்லிம் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து பனையோலைப் பெட்டியும் கூடையும் முடைவார்கள். சாயம் ஏற்றிய ஓலையை என்ன லாகவமாக மடிக்கிறார்கள்! பிளாஸ்டிக் டப்பாவுக்குக் கொடுக்கிற காசை இதற்குக் கொடுத்தால் வெங்காயம், பூண்டு போட்டு வைக்கக் காற்றோட்டமாக இருக்கும். தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். ஒரு கூடைக்குப் போகிற நேரத்தைப் பார்த்தால் பேரம் பேச நமக்கு வாய் வராது.

லைட்ஹவுஸ் குப்பம்

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டு மாதிரி நீளுகிறது லைட்ஹவுஸ் குப்பம். முன்பெல்லாம் படகில்தான் போக வேண்டும். இப்போது பாலம் இருக்கிறது. பாலத்தின் மேல் நின்று பார்த்தால் ஒரு பக்கம் கட்டுமரமும் படகும், இன்னொரு பக்கம் கண்ணுக்கு எட்டின தூரம் ஏரி. ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டில் பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. கடற்கரை அழகாக இருக்கும். ஆனால் கால் நனைப்பதோடு சரி, குளிக்க இறங்காதீர்கள். இழுப்பு அதிகம்.

வடக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு. 1971 அக்டோபர் 9-ல் ரோகிணி ராக்கெட்டில் ஆரம்பித்து, 2023 ஜூலை 14-ல் சந்திரயான்-3 வரை அங்கிருந்துதான் பறந்தன. ராக்கெட் விடும் நாளில் பழவேற்காட்டுக் கரையிலிருந்தே பார்க்கலாம். அன்றைக்கு அந்தப் பக்கம் கடலுக்குப் போக வேண்டாமென்று மீனவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு ஒரு நாள் பிழைப்புப் போகும். "ராக்கெட்டு மேல போவுது, எங்க வலை மட்டும் வூட்டுல தூங்குது" என்று ஒரு அம்மாள் சொல்லிச் சிரித்தாள்.

பூநாரை

நீளமான கால், வளைந்த மூக்கு, இளஞ்சிவப்பு இறகு. தலையைக் கவிழ்த்து, மூக்கைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து இரை தேடும். அது தின்னும் பாசியிலும் பொடி இறாலிலும் உள்ள சத்துதான் அந்த நிறத்தைத் தருகிறது. கேரட் தின்ன அடம் பிடிக்கிற என் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "நான் என்ன கலர் ஆவேன்?" என்று கேட்கிறாள்! பூநாரைகளைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் இன்னொரு நாள் ரயிலில் சூலூர்ப்பேட்டை போய், ஏரியைக் கடந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையில் பாருங்கள். கல் எறிவது, கூச்சலிட்டுப் பறக்க விட்டுப் படம் எடுப்பது வேண்டாம். அவ்வளவு தூரம் பறந்து வந்த ஜீவன், வயிறாரச் சாப்பிடட்டும்.

மீன் வாங்குகிற இடம்

மதியத்துக்குள் கரைக்கு வந்துவிடுங்கள். மடவை, வெள்ளை இறால், சேற்று நண்டு எல்லாம் கூடை கூடையாக வரும். நான் விலை கேட்டுத் தயங்கி நின்றபோது மீன்காரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இன்னாக்கா யோசிக்கிற? செவுளைத் தூக்கிப் பாரு. ரத்தச் செவப்பா இருந்தா எடு, வெளுத்திருந்தா போயிக்கினே இரு. கண்ணு பள்ளமா இருக்கக் கூடாது. வெரலால அமுக்குனா குழி நிக்கக் கூடாது." இதைவிட நல்ல பாடம் எந்தச் சமையல் புத்தகத்திலும் இல்லை. வாங்குவதானால் மூடியுள்ள டப்பாவில் ஐஸ் போட்டு எடுத்து வாருங்கள். இறாலும் நண்டும் சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. முதல் தடவை கொடுக்கும்போது கொஞ்சமாகக் கொடுத்து, உதடு வீங்குகிறதா, தடிப்பு வருகிறதா என்று பாருங்கள். மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி!

அந்த அம்மாள்தான் 'பாடு' என்றால் என்னவென்றும் விளக்கினாள். ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்களைக் கிராமத்தார் முறை வைத்துப் பங்கிட்டுக் கொள்கிறார்கள். இன்றைக்கு நீ, நாளைக்கு நான். ஒருத்தரே வாரிக்கொண்டு போக முடியாது. பாடு ஆண்களுக்குத்தான். விற்று, கணக்குப் பார்த்து, அடுப்பை எரிய வைப்பது பெண்கள். பாட்டுக்குள் வராத இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றில் கையாலேயே தடவி இறால் பிடிக்கிறார்கள். நாம் கிலோ கணக்கில் வாங்குவதை அவர்கள் ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கிறார்கள்.

இத்தனைக்கும் ஆதாரம் முகத்துவாரம். கடலில் பொரிக்கிற இறால் குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். மணல் சேர்ந்து வாய் அடைத்துக்கொண்டால் குஞ்சும் வராது, படகும் போகாது. துறைமுக விரிவாக்கத்தை இங்குள்ள மீனவர்கள் எதிர்த்து வருவதும் கரை அரித்து ஏரி கெட்டுவிடும் என்ற பயத்தால்தான்.

படகு விஷயம்: தயவுசெய்து படியுங்கள்

"வாம்மா, முகத்துவாரம் வரைக்கும் ஒரு ரவுண்டு போய் வரலாம்" என்று கூப்பிடுவார்கள். குழந்தைகளும் கையைப் பிடித்து இழுக்கும். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று உல்லாசமாக வந்தவர்கள் ஏறின படகு இங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. அதன் பிறகுதான் சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை விதித்தார்கள். மீன்பிடிப் படகு மீனவருக்காகச் செய்தது. அவருக்கு நீந்தத் தெரியும், அலை தெரியும். நமக்கும் குழந்தைக்கும் தெரியாது. புடவை நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும், நீந்தத் தெரிந்தவளையும் இழுக்கும்.

ஆகவே என் கட்சி இதுதான். பழவேற்காட்டில் பார்க்க வேண்டியது அத்தனையும் தரையிலிருந்தே, பாலத்திலிருந்தே பார்க்கலாம். அனுமதி இல்லாத படகில் ஏறாதீர்கள். வேறு ஊரில் அனுமதியுள்ள படகில் ஏறினாலும் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் கேளுங்கள். குழந்தைக்குக் குழந்தை அளவே வேண்டும். பட்டையைப் பூட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது தொளதொளப்பு, தண்ணீரில் கழன்றுவிடும். ஒரு ஆள் கூடுதலாக ஏற்றினாலும் இறங்கிவிடுங்கள். "பயந்தாங்கொள்ளி" என்று மச்சினர் கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

நாலு மணி பஸ்ஸைப் பிடித்துப் பொன்னேரி வந்துவிட்டால் இருட்டுவதற்குள் வீட்டு ரயில் ஏறிவிடலாம். வாங்கி வந்த இறாலை நன்றாகக் கழுவி, முதுகு நரம்பை எடுத்து, மஞ்சள்தூள், உப்பு பிசறி வாணலியில் தண்ணீர் சுண்டுகிற வரை வதக்கி வைத்துவிடுங்கள். அலுப்பாக இருந்தாலும் இந்த வேலையை மட்டும் அன்றிரவே முடித்துவிட்டால், மறுநாள் தொக்கு பத்து நிமிஷ வேலை.

அடுத்த இதழில், பிள்ளைகளுக்குப் பரீட்சை லீவு விடுமுன் வீட்டிலேயே தயாரிக்கக்கூடிய முதலுதவிப் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். பழவேற்காடு போய் வந்தவர்கள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.