வெள்ளைத் தரை சொல்லும் பொய்

பொன்னமராவதிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலின் தரையைப் பெயர்த்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. தாத்தா போட்ட காவித்தரை அது. சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை, நடுவெல்லாம் குங்குமச் சிவப்பு. மூன்று தலைமுறைப் பாதங்கள் பட்டுத் தேய்ந்து, சாயங்காலம் விளக்கேற்றினால் சுடர் தரைக்குள்ளும் எரியும். வாசற்படியை ஒட்டி மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. அதைக் காலால் தட்டிக் காட்டித்தான் கொத்தனார் பேச்சை ஆரம்பித்தார். "இந்தக் காலத்துல யாருண்ணே காவி போடுறாங்க? வெள்ள டைல்ஸ் ஒட்டிட்டா வீடே பளிச்சுனு ஆயிரும்ணே."

தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது. அம்மா மட்டும் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. மூன்றே நாளில் தரை தூளாகி, டிராக்டரில் ஏறி, கண்மாய்க்கரைப் பள்ளத்தில் போய் விழுந்தது.

அன்று நான் செய்த பிழையை இன்று கீரனூரிலிருந்து அறந்தாங்கி வரை யாரோ ஒருவர் தினமும் செய்துகொண்டிருக்கிறார். அவர்களைத் தூண்டுவது ஒரே நம்பிக்கைதான்: வெள்ளைத் தரை என்றால் சுத்தம், நாகரிகம், வண்ணத் தரை என்றால் பழசு, பட்டிக்காடு. இந்த நம்பிக்கை பொய். என் வீட்டுக்கு அதனால் நேர்ந்த சேதம் பெரியது. ஆகவே அதை எதிர்த்து எழுதுகிறேன்.

சுத்தத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டை செம்மண் சீமை. கந்தர்வகோட்டைப் பக்கம் போனால் பூமியே செம்புராங்கல்லாக இறுகிக் கிடக்கும். இந்த மண்ணுக்குச் சிவப்பைக் கொடுப்பது இரும்பு ஆக்சைடு. காவித்தரைக்குக் கொத்தனார் சிமென்ட்டோடு கலக்கும் சிவப்புப் பொடியும் அதே இரும்பு ஆக்சைடுதான். மண்ணும் தரையும் ஒரே நிறமாக இருந்ததால், வயலிலிருந்து வந்தவன் காலில் ஒட்டியிருந்த புழுதி யாரையும் உறுத்தவில்லை. காலையில் ஒருமுறை பெருக்கினோம், வெள்ளிக்கிழமை கழுவிவிட்டோம், அவ்வளவுதான். அதே புழுதி வெள்ளைத் தரையில் குற்றமாகிவிடுகிறது. ஒரு காலடி, ஒரு முடி, ஆடிக்காற்று கொண்டுவந்து போட்ட ஒரு கை மண் எல்லாம் கண்ணைக் குத்துகின்றன. உடனே துடைக்க வேண்டும். காலையில் ஒருமுறை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபின் ஒருமுறை. துடைப்பது யார்? எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் ஆண்கள் தரை துடைத்து நான் பார்த்ததில்லை. வெள்ளைத் தரை கொண்டுவந்த சுத்தத்துக்கு விலையாகப் பெண்களின் இடுப்பும் முழங்காலும் போகின்றன.

"அழுக்கு தெரிந்தால் நல்லதுதானே, வண்ணத் தரை அதை மறைக்கிறதே" என்று கேட்பார்கள். சிந்திய குழம்பும் எண்ணெயும் எந்தத் தரையிலும் தெரியும், காலிலும் ஒட்டும். வெள்ளைத் தரை எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் யாருக்கும் கெடுதல் செய்யாத மண்ணைத்தான். ஆனால், வீட்டுத் தரையில் இருக்கக்கூடியவற்றிலேயே ஆபத்தான ஒன்றை அது மறைக்கிறது. தண்ணீரை. பளபளக்கும் வெள்ளைப் பரப்பில் சிந்திய தண்ணீர், ஜன்னல் வெளிச்சத்தோடு சேர்ந்து கண்ணில் படாமல் போய்விடும். வெட்ரிஃபைட் டைல்ஸ் கல் தன் எடையில் அரை சதவீதம்கூடத் தண்ணீரை உறிஞ்சாது. அதைப் பெருமையாகவே சொல்லி விற்கிறார்கள். உறிஞ்சாத தண்ணீர் மேலேயே நிற்கும். மெருகேற்றிய பரப்பில் ஈரக்கால் பட்டால் பிடிமானம் இருக்காது.

புதுத் தரை போட்ட இரண்டாம் வருஷம் அம்மா குளியலறையிலிருந்து ஹாலுக்குள் கால் வைத்த இடத்திலேயே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. திருச்சிக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்தோம். இப்போது கைத்தடியோடு நடக்கிறார். சொரசொரப்பான டைல்ஸும் கடையில் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் ஹாலுக்கு என்று கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுவது முகம் தெரிகிற பளபளப்பைத்தான். வாங்குகிற நாமும் அதைத்தான் கேட்கிறோம், நானும் அப்படித்தான் கேட்டேன்.

கோலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகரத்தார் வீடுகளில் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் நடுவீட்டுக் கோலம் போடுவார்கள். அரிசியை ஊறவைத்து அரைத்து, துணியில் நனைத்து, விரல் வழியே இழை இழையாக இறக்குவது. மற்ற வீடுகளிலும் பண்டிகைக்கு மாக்கோலம் உண்டு. அரிசிமாவின் வெள்ளை எடுப்பதற்கு அடியில் சிவப்போ பச்சையோ கறுப்போ வேண்டும். வெள்ளைத் தரையில் மாக்கோலம் போட்டுப் பாருங்கள், போட்டவருக்கே தெரியாது. அதனால்தான் பிளாஸ்டிக் ஸ்டிக்கர் கோலம் வீட்டுக்குள் நுழைந்தது. பெண்களுக்குச் சோம்பல் வந்துவிட்டது, அதனால் கோலம் போயிற்று என்று பேசுகிறவர்கள், அந்தக் கோலம் எழுத வேண்டிய பலகையையே நாம் மாற்றிவிட்டோம் என்பதைப் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் நடந்தது. எங்கள் வயலில் வேலை பார்ப்பவர் முன்பெல்லாம் நேராக ஹாலுக்குள் வந்து உட்கார்ந்து கணக்குப் பேசுவார். வெள்ளைத் தரை வந்தபின் வாசலிலேயே நின்றுவிட்டார். "காலெல்லாம் சேறுப்பா, நான் இங்கனயே நிக்கிறேன்." யாரும் அவரை நிறுத்தவில்லை, தரை நிறுத்தியது. பழைய வீடுகள் எல்லோரையும் உள்ளே விட்டன என்று நான் சொல்ல வரவில்லை. சாதி பார்த்துத் திண்ணையோடு நிறுத்திய வீடுகள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ. அந்தக் கொடுமை கொஞ்சம் தளர்ந்துவருகிற காலத்தில், உழைத்து வந்த கால் வெட்கப்படும்படியான ஒரு தரையை நாமே காசு கொடுத்து வாங்கிப் போட்டிருக்கிறோம் என்பதுதான் என் வேதனை.

அடுத்தது நாகரிகம். வண்ணத் தரை பட்டிக்காட்டுத்தனம் என்பவர்கள் ஒருநாள் திருமயம் வட்டத்தில் ராயவரம், அரிமளம், கடியாபட்டித் தெருக்களில் நடந்து பார்க்க வேண்டும். செட்டிநாடு என்றால் காரைக்குடி மட்டும் என்று நினைக்கிறோம். அதன் பல ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் இருக்கின்றன. 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தன. அந்த வீடுகளைக் கட்டியவர்கள் ரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் சைகோனிலும் வட்டிக்கடை நடத்தியவர்கள். பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் ஜப்பானியச் சுவர்ப் பதிகற்களும் கப்பலேறி வந்தன. உலகத்தில் எதையும் வாங்கக்கூடிய அந்த வீடுகளின் தரையில் ஆத்தங்குடிக் கல்லும் இருக்கிறது. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம்.

ஆத்தங்குடி நம் எல்லையைத் தாண்டி, சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே கல் செய்வதை ஒருமுறையாவது நின்று பார்க்க வேண்டும். தரையில் ஒரு கண்ணாடித் தகடு. அதைச் சுற்றி இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூவின் இதழ் இதழாகத் தடுத்த உலோக அச்சு. சிமென்ட், மெல்லிய மணல், வண்ணப்பொடி மூன்றையும் தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்து, ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒவ்வொரு நிறத்தைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை மேலே தூக்க வேண்டும். அந்த ஒரு நொடியில்தான் முழுத் திறமையும் இருக்கிறது. கை நடுங்கினால் நிறம் நிறத்தோடு கலந்துவிடும். கை தேர்ந்தவர்கள் தூக்கினால் பூ அப்படியே நிற்கும். அதன் மேல் உலர்ந்த சிமென்ட்–மணல் கலவையைத் தூவி ஈரத்தை இழுத்து, மறுபடி கலவை போட்டுக் கரணையால் மட்டம் செய்கிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊற வேண்டும். கடைசியில் கண்ணாடியைப் பிரித்தால் அடியில் இருந்த முகம் மின்னுகிறது. சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. மெருகு முழுவதும் அந்தக் கண்ணாடி கொடுத்தது.

இது ஆயிரம் ஆண்டுப் பாரம்பரியம் என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. சிமென்ட்டில் பூ வார்க்கும் இந்த வித்தை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தெற்கு பிரான்சிலும் பார்சிலோனாவிலும் வளர்ந்தது. அங்கிருந்து ஹவானாவுக்கும் சைகோனுக்கும் போனது. இன்றும் அந்த ஊர்களின் பழைய வீடுகளில் நம் பூக்கல்லின் உடன்பிறப்புகளைக் காணலாம். நம் பக்கம் அது வந்தபோது அதுதான் புதுமை, அதுதான் நாகரிகம். உள்ளூர் மணலும் உள்ளூர்க் கையும் சேர்ந்து அதை நம்முடையதாக்கின. ஆகவே வண்ணத் தரை போடுவதைப் பின்னால் திரும்பிப் போவதாக ஏன் நினைக்க வேண்டும்?

நிறத்தில் நமக்கு இருந்த ஆசைக்குச் சான்று வேண்டுமானால் சித்தன்னவாசலுக்குப் போங்கள். புதுக்கோட்டை நகரிலிருந்து பேருந்தில் கொஞ்ச நேரம்தான். 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை இளங்கௌதமன் என்ற ஆசிரியர் அங்குள்ள சமணக் குகைக்கோயிலான அறிவர் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு பேசுகிறது. அங்கே விதானம் முழுக்கத் தாமரைக்குளம். மீன், அன்னம், எருமை, யானை. கருவறை விதானத்திலோ பூவேலை செய்த விரிப்பு ஒன்றைத் தலைக்குமேல் கட்டியது போன்ற ஓவியம். நிறம் என்றால் பட்டிக்காடு என்கிறோம். துறவிகளின் குகையிலேயே நிறம் இருந்த மாவட்டம் இது.

ஆத்தங்குடிக் கல்லுக்குக் குறையே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. புளி, எலுமிச்சை, ஆசிட் மூன்றும் அதற்கு ஆகாது. சிமென்ட்டை அரித்துத் தழும்பாக்கிவிடும். அதனால் சமையல் மேடைக்கும் கழிப்பறைக்கும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எண்ணெய் கொட்டி அப்படியே விட்டால் கறை இறங்கும். சிமென்ட் உற்பத்தி புகை கக்கும் தொழில் என்பதும் உண்மைதான். ஆனால் குஜராத்தின் மோர்பியில் 1,200 டிகிரியை ஒட்டிய சூட்டில் வெந்து, ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் லாரியில் வருகிற கல்லை வாங்குகிறவர் அந்தக் கேள்வியை என்னிடம் மட்டும் கேட்க முடியாது. தரை குளிர்ச்சியாக இருக்கும் என்று பலர் சொல்வார்கள். அதை நான் வாதமாக வைக்க மாட்டேன். நிழலும் காற்றோட்டமும் உள்ள வீட்டில் எந்தத் தரையும் குளிரும்.

சீக்கிரம் கெட்டுப்போகும் என்ற பேச்சுக்குப் பெரும்பாலும் காரணம் வேலைமுறை. ஆத்தங்குடிக் கல்லை வீட்டின் கடைசி வேலையாகப் பதிக்க வேண்டும். பெயின்ட்டும் மரவேலையும் முடிந்தபின். நாமோ டைல்ஸ் மாதிரி முதலிலேயே பதித்துவிட்டு, அதன் மேல் சாரம் கட்டி, பெயின்ட் சிந்தி, கறையை எடுக்க ஆசிட் ஊற்றிவிட்டு, கல் சரியில்லை என்கிறோம். ஒழுங்காகப் பதித்த கல் நடக்க நடக்க மெருகேறும். வெட்ரிஃபைடில் அச்சடித்த நிறம் மேலே ஒட்டிய மெல்லிய படலம். ஆத்தங்குடியில் நிறம் கல்லுக்குள்ளேயே சில மில்லிமீட்டர் கனத்துக்கு இறங்கியிருக்கிறது.

இப்போது ரெட்ரோ என்று ஒரு மோகம் வந்திருக்கிறது. அதை நான் வரவேற்கிறேன், ஆனால் ஒரு கோபத்தோடு. ஆத்தங்குடிப் பூவைப் படமெடுத்து, வழுக்கும் டைல்ஸில் அச்சடித்து, பழமை என்று விற்கிறார்கள். ஒவ்வொரு கல்லிலும் ஒரே பூ, ஒரே கோடு, ஒரே பிசிறு. அந்தக் காசு ஆத்தங்குடியில் அச்சைத் தூக்கும் கைக்குப் போய்ச் சேருவதில்லை. பழைய தோற்றம் வேண்டும் என்பவர்கள் பழைய வேலையையே வாங்கலாமே, அந்தக் கைகள் இன்னும் இருக்கும்போது.

ராயவரத்தில் ஒரு நண்பர் வீட்டு ஹால் நினைவுக்கு வருகிறது. கல்லைச் சேலை மாதிரிப் பரப்பியிருக்கிறார். சுவரை ஒட்டி ஒற்றைநிறக் கற்கள், அடுத்துக் கொடி ஓடும் கரை, நடுவில் பச்சையும் சிவப்பும் மாறி மாறி வரும் உடல். நான்கு மூலையும் பூவாக நிரப்பியிருந்தால் கண் களைத்திருக்கும். சுவர்களுக்குச் சுண்ணாம்பு வெள்ளை. வெள்ளைக்கு உரிய இடம் அதுதான், யாரும் சுவரில் நடப்பதில்லை. ஓர் ஊஞ்சல், காலுள்ள ஒரு மரப் பெஞ்சு, பிரம்பு நாற்காலி இரண்டு. தரையை அடைத்துக்கொண்டு உட்காரும் பெரிய சோபா இல்லாததால் தரை முழுவதும் தெரிகிறது. திரைச்சீலைக்குக்கூடப் பூ இல்லை. தரை பேசுகிற வீட்டில் மற்றவை கொஞ்சம் அடங்கியிருக்க வேண்டும் என்று அவர் மனைவி சொன்னார். இத்தனை செலவு முடியாதவர்களுக்குக் காவித்தரை இருக்கிறது. அதைத் தேய்த்து மெருகேற்றத் தெரிந்த கொத்தனார்கள் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள். கேட்க ஆளில்லாததால் அவர்கள் மகன்களுக்கு அந்தத் தொழில் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் காவியோ பூக்கல்லோ இன்னும் மிச்சமிருந்தால், பெயர்க்கச் சொல்லி முன்பணம் கொடுக்கும் முன் ஒரு மூலையை மட்டும் வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். ஆசிட் வேண்டாம், பினாயிலும் வேண்டாம். காய்ந்தபின் துணியில் சில சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு அழுத்தித் துடையுங்கள். மறுநாளும் துடையுங்கள். மூன்றாம் நாள் காலை வெயில் உள்ளே இறங்கும்போது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு அந்த மூலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் அரிசிக்குதிர் இருந்த சின்ன அறையை மட்டும் அன்று பெயர்க்கவில்லை. சரக்கை நகர்த்த ஆளில்லை என்பதால் விட்டுவிட்டோம். ஹாலில் இப்போது ரப்பர் விரிப்பு கிடக்கிறது. அம்மா கட்டிலை அந்தச் சின்ன அறைக்கு மாற்றிக்கொண்டார். காலையில் எழுந்ததும் செருப்பில்லாமல், தடியில்லாமல், அந்தக் காவித்தரையில் நாலு எட்டு நடந்து பார்க்கிறார்.